இரண்டு வினாடிச் சில்லறை

ஆவணி மாதம். சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழை எட்டு மணிக்கு விட்டிருந்தது. மொட்டை மாடியில் அங்கங்கே தண்ணீர் தேங்கிக் கிடந்தாலும், காற்று கழுவி எடுத்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஆறு அங்குலத் தொலைநோக்கியை ஈரமில்லாத மூலையாகப் பார்த்து நிறுத்தினேன். கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் கண்வில்லையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டக் கேமராவைச் செருகினேன். வியாழனைப் படம் பிடிக்கவென்று வாங்கியது. வியாழனோ அந்த மாதத்தில் பின்னிரவுக்கு மேல்தான் தலைகாட்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று தலைக்கு மேலே இருந்த யாழ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் குழாயைத் திருப்பினேன். அபிஜித் என்று பஞ்சாங்கம் சொல்லும் பளிச்சென்ற விண்மீன் இருக்கும் கூட்டம் அது. அதன் கீழ்முனையில் இரண்டு விண்மீன்கள். அவற்றுக்கு நடுவே வளைய நெபுலா. வானியல் ஆர்வலர்களுக்கு அது எம் 57.

மடிக்கணினித் திரையில் வந்து விழுந்த முதல் படம் இரண்டு வினாடி எடுத்தது. ரவையைக் கொட்டிப் பரப்பினது போல ஒரே சாம்பல் நிறப் பொரி. நடுவில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்ததா, அப்படி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா தெரியவில்லை. காயப்போட்ட துணி நனைந்ததா என்று பார்க்க மேலே வந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, ஒண்ணுமே தெரியலையே."

"இரும்மா. இன்னும் பத்து வரட்டும்."

மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் உள்ள விண்மீன்களை அடையாளம் பார்த்து, முந்தைய படத்தின் மேல் சரியாகப் பொருத்தி, சராசரி எடுத்துக்கொண்டே போகிறது. பத்தாவது படத்தில் பொரி கொஞ்சம் அடங்கியது. முப்பதாவதில் ஒரு மங்கல் வட்டம். நூறைத் தாண்டியபோது நடுவில் ஓட்டையோடு ஒரு வளையம், அசல் மெதுவடை, திரையில் உட்கார்ந்திருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. படத்தின் மேல் படம் விழ விழ, அது தானாக உள்ளிருந்து எழுந்து வந்தது. மகள் துணியை மறந்துவிட்டு அரை மணி நேரம் நின்றாள்.

எனக்கு அதில் வியப்பு வேறு இடத்தில். இந்த வேலைக்கு இந்தக் கேமரா பிறக்கவே இல்லை.

ஆர்வலர்கள் பிளானட்டரி கேமரா என்று சொல்வது அவசரத்துக்கென்றே செய்த கருவி. வியாழனையோ சனியையோ பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். நம் தலைக்கு மேலுள்ள காற்று கொதிக்கிற தண்ணீர் மாதிரி. அதன் வழியாகப் பார்க்கும் கோள், ஆற்றின் அடியில் கிடக்கும் நாணயம் போல நெளிந்துகொண்டே இருக்கும். ஆனால் நடுநடுவே, வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரம், நெளிவு நின்று எல்லாம் கூர்மையாகத் தெரியும். வினாடிக்கு நூறு படம் எடுத்துத் தள்ளினால் அவற்றில் சில அந்த நல்ல கணத்தில் மாட்டும். மீதியைக் குப்பையில் போட்டுவிட்டு மாட்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். 1978-ல் டேவிட் ஃப்ரீட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படி நல்ல கணம் வாய்ப்பதற்கான சாத்தியத்தைக் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே 'அதிர்ஷ்டம்' வந்துவிட்டது. சுமார் இருபத்தைந்து ஆண்டு கழித்து, மாமா பிள்ளையோடு வீடியோவில் பேசுவதற்காக விற்கப்பட்ட பிலிப்ஸ் வெப்கேமராவைப் பிரித்து, லென்ஸைக் கழற்றித் தொலைநோக்கியில் ஒட்டி, அந்தக் கணக்கை மாடிக்கு மாடி நிரூபித்தவர்கள் ஆர்வலர்கள். இன்றைய பிளானட்டரி கேமரா அந்த வெப்கேமராவின் நேர் வாரிசு. சின்னச் சில்லு, வேகமான யு.எஸ்.பி., குளிரூட்டும் வசதி கிடையாது.

ஆழ்வானப் பொருள்களான நெபுலாக்களுக்கும் விண்மீன் திரள்களுக்கும் வேண்டியது இதற்கு நேர் எதிர். அங்கே அவசரத்துக்கு வேலையே இல்லை, பொறுமைதான் முதல். வியாழனின் முகத்தில் ஒரு சிறு கட்டத்தையும் வளைய நெபுலாவில் அதே அளவு கட்டத்தையும் எடுத்து ஒப்பிட்டால், இரண்டுக்கும் பிரகாசத்தில் பன்னிரண்டு தரத்துக்கும் மேல் வித்தியாசம். விண்மீன்களுக்குப் போடும் இந்தத் தர அளவுகோலில் ஐந்து தரம் என்றால் சரியாக நூறு மடங்கு. அந்தக் கணக்கைக் கட்டி வைத்தவர் நார்மன் போக்சன். 1856-ல் இங்கிலாந்தில் அதை முன்வைத்தவர், 1861-ல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு வந்து, 1891-ல் இறக்கும்வரை இங்கேயே வேலை பார்த்தார். அவர் கணக்குப்படி பன்னிரண்டரைத் தரம் என்றால் ஒரு லட்சம் மடங்கு. வியாழனுக்குப் பத்து மில்லி வினாடி போதும் என்றால், நெபுலாவுக்கு அதே வெளிச்சம் சேரப் பதினாறு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்.

அந்த நிமிடங்களை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்பதுதான் நூறு வருஷத்துக்கு மேலாக எழுதப்படாத சட்டம். 1880 செப்டம்பர் 30-ஆம் தேதி நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஹென்றி டிரேப்பர் ஓரையன் நெபுலாவை முதன்முதலாகப் படம் எடுத்தார். எக்ஸ்போஷர் 51 நிமிடம். 1883-ல் லண்டனை ஒட்டிய ஈலிங்கில், தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி வைத்திருந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்லி காமன் அதே நெபுலாவை 37 நிமிடம் எடுத்தபோது, எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணுக்கு அகப்படாத விண்மீன்கள் தகட்டில் பதிந்திருந்தன. கண் பார்க்க முடியாததைக் கேமரா பார்க்கும் என்று உலகம் நம்பியது அப்போதுதான். அந்த நேரம் முழுக்கக் கடிகாரப் பொறி பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் குழாயை நகர்த்தியாக வேண்டும். மனிதன் இமை கொட்டாமல் பார்த்துத் திருத்தியாக வேண்டும்.

ஏன் ஆறு பத்து நிமிடப் படங்களைச் சேர்த்து ஒரு மணி நேரமாக்கக் கூடாது? தகட்டில் அது செல்லாது. வெள்ளி உப்பின் ஒரு மணி விழித்துக்கொள்ள, நாலைந்து ஒளித்துகள்களாவது கொஞ்ச நேரத்துக்குள் அதன் மேல் விழ வேண்டும். ஒன்று விழுந்து, ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று விழுந்தால் முதலாவதை அது மறந்துவிடும். மங்கல் வெளிச்சத்துக்குத் தகடு சோம்பேறி. சில்லறை வாங்காத கடை.

சில்லறை வாங்குகிற கடை 1969-ல் திறந்தது. பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வடிவமைத்த சி.சி.டி. என்ற சிலிக்கான் சில்லுக்காக 2009-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதில் ஒளித்துகள் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு, பிக்சல் என்ற சின்னக் கிண்ணத்தில் போய் உட்காரும். மறதி கிடையாது. ஒன்று ஒன்றாக வந்தாலும் சேர்த்து வைக்கும். அப்படியானால் எவ்வளவு துண்டாக வேண்டுமானாலும் எடுத்துப் பிற்பாடு கூட்டிக்கொள்ளலாமே? கொள்கையளவில் ஆம். நடைமுறையில் குறுக்கே நின்றது தராசு.

கிண்ணத்தில் சேர்ந்த எலெக்ட்ரான்களை யாராவது எண்ணிச் சொல்ல வேண்டும் அல்லவா? ரேஷன் கடைத் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் கொஞ்சம் நடுங்கும். ஒரு நிறுவையில் பத்து கிராம் கூடுதலாகக் காட்டும், அடுத்ததில் பத்து கிராம் குறைவாகக் காட்டும். ஒரு மூட்டை அரிசியை ஒரே தடவை நிறுத்தால் அந்தப் பத்து கிராம் ஒரு பொருட்டே அல்ல. அதே மூட்டையைக் கைப்பிடி கைப்பிடியாக ஆயிரம் தடவை நிறுத்தால்? கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும். ஆனாலும் தவறு முன்னதைப்போல் முப்பது மடங்காகிவிடும். இதற்கு வாசிப்பு இரைச்சல் என்று பெயர். பழைய ஆர்வலர் சி.சி.டி. கேமராக்களில் அது ஒரு நிறுவைக்கு எட்டு, பத்து எலெக்ட்ரான் இருந்தது. அதனால்தான் அவர்களும் டிரேப்பர் வழியிலேயே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மூட்டையாகவே கட்டினார்கள்.

சி.சி.டி.யின் தராசு நடுங்கியதற்குக் காரணம் கூட்டம். சில்லு முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே தராசுதான். லட்சக்கணக்கான கிண்ணங்கள் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிறுத்துப் போக வேண்டும். வேகமாக நிறுத்தால் முள் நிற்பதற்குள் அளவை எழுத வேண்டிவரும். நிதானமாக நிறுத்தால் வரிசை நகராது. 1990-களில் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழு வளர்த்தெடுத்த சிமாஸ் சில்லு வேறு வழியில் போனது: ஒவ்வொரு பிக்சலுக்குள்ளேயே ஒரு பெருக்கி. பின்னால் வந்தவற்றில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனி எண்ணுபவர். ஒரு தராசுக்குப் பதில் ஆயிரத்துச் சொச்சம் தராசு. வரிசை சிட்டாகப் பறக்கும். அதே சமயம் ஒவ்வொரு தராசுக்கும் முள் நிற்கும்வரை காத்திருக்க நேரம் கிடைக்கும்.

கோள்களுக்கு வேண்டியது வேகம். நெபுலாவுக்கு வேண்டியது நடுங்காத தராசு. இரண்டும் எதிரெதிர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். சில்லின் உள்ளே இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பலன்கள். வேகத்துக்காகச் செய்ததில் நிசப்தம் இலவசமாக வந்துவிட்டது.

என் கேமராவுக்குள் இருப்பது சோனியின் ஐ.எம்.எக்ஸ். 224 வகைச் சில்லு. 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் இதை அறிவித்தபோது வானத்தைப் பற்றிய பேச்சே இல்லை. இருட்டில் ஓடும் கார்களின் கேமராவுக்கென்று செய்தது, 0.005 லக்ஸ் வெளிச்சத்தில், அதாவது பௌர்ணமி நிலா தருவதைவிடப் பல மடங்கு குறைந்த வெளிச்சத்தில், வண்ணப் படம் எடுக்கும் என்பதுதான் விளம்பரம். அதன் தம்பியான 290, கடைவாசலில் காவல் இருக்கும் கேமராக்களுக்காக. சாலையில் குறுக்கே வரும் மாட்டையும் பின்கதவைத் தள்ளும் திருடனையும் பார்ப்பதற்கு உலகம் கொட்டிய பணத்தில், எங்களைப் போன்ற சில ஆயிரம் வான்பித்தர்கள் சும்மா உட்கார்ந்து பலன் அனுபவிக்கிறோம். பெருக்கத்தைக் கூட்டி வைத்தால் இந்தச் சில்லின் வாசிப்பு இரைச்சல் ஒரு எலெக்ட்ரானுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பத்து ஒன்றானால் பத்து மடங்கு லாபம்தானே என்று தோன்றும். இல்லை, இரைச்சல்கள் வர்க்கத்தில் கூடுகின்றன. என் மாடிக் கணக்கையே சொல்கிறேன். அந்த இரவில் வளையத்தின் மேல் இருந்த ஒரு பிக்சலுக்கு நெபுலாவிலிருந்து வினாடிக்குச் சுமார் மூன்று எலெக்ட்ரான். ஊர் வெளிச்சம் ஏறிய வானத்திலிருந்தும் சுமார் மூன்று. (நெபுலாவுக்குச் சமமாக வானமே ஒளிர்கிறது; நகரத்து மாடியின் தலைவிதி அது.) இரண்டு வினாடியில் ஆறும் ஆறும் பன்னிரண்டு. ஆனால் ஒளி மழைத்துளி மாதிரிதான் விழும். சராசரி பன்னிரண்டு என்றால் ஒரு தடவை ஒன்பது விழும், இன்னொரு தடவை பதினைந்து விழும். அந்த ஊசலாட்டத்தின் வர்க்கம் பன்னிரண்டு. தராசின் பங்கு: ஒன்றின் வர்க்கம் ஒன்று. ஆக மொத்தம் 13. அதே இடத்தில் பழைய சி.சி.டி. இருந்திருந்தால் பத்தின் வர்க்கம் நூறு, மொத்தம் 112. ஏறக்குறைய எட்டரை மடங்கு. இரண்டு வினாடித் துண்டுகளாக நான் அரை மணி நேரத்தில், 900 படங்களில் எட்டிய தெளிவை, அதே துண்டுகளை வைத்து அந்தப் பழைய தராசில் எட்ட நாலேகால் மணி நேரம் ஆகியிருக்கும்.

இன்னொரு பக்கம் பார்த்தால், தராசின் நடுக்கம் ஒரு பொருட்டில்லாமல் போக ஒவ்வொரு துண்டிலும் வானத்திலிருந்து குறைந்தது அந்த வர்க்கத்தைப் போல் பத்து மடங்கு எலெக்ட்ரான் சேர வேண்டும் என்பது நடைமுறை விதி. பழைய கேமராவுக்கு ஆயிரம் வேண்டும்: என் மாடியில் ஐந்தரை நிமிடம். இதற்குப் பத்து போதும்: மூன்று வினாடி சொச்சம். இருட்டான கிராமத்து வானத்தில் இது பல வினாடிகளாக நீளும், ஏனென்றால் அங்கே வானம் சீக்கிரம் சேராது. வெளிச்ச மாசு எங்களுக்குச் செய்யும் ஒரே உபகாரம், துண்டைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்பது. மொத்த நேரத்தை அது ஈவிரக்கமில்லாமல் கூட்டிவிடும் என்பது வேறு விஷயம்.

இந்த மூன்று வினாடி எங்கள் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்ல வேண்டும். தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் அச்சு வானத்தின் வடதுருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். துருவ நட்சத்திரம் அதற்கு அடையாளம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது வானத்தில் பாதி உயரத்துக்கு மேல் ஜம்மென்று நிற்கும். சென்னையில் அடிவானத்திலிருந்து 13 பாகை, மதுரையில் 10. என் மாடியில் அந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. நான் திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்புவதில் ஒரு பாகை பிசகு சாதாரணம். அதனால் விண்மீன் மிஞ்சிப்போனால் வினாடிக்குக் கால் விகலை நகரும். (பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை, பஞ்சாங்கம் புரட்டுகிறவர்களுக்குத் தெரிந்த அளவுதான்.) என் குழாயில் ஒரு பிக்சல் ஏறக்குறைய ஒரு விகலை. இரண்டு வினாடியில் அரைப் பிக்சல், அதை யார் பார்ப்பது? ஐந்து நிமிடம் திறந்து வைத்திருந்தால் எழுபத்தைந்து பிக்சல். வளைய நெபுலாவின் மொத்த நீளமே எண்பது பிக்சல்தான். வளையம் வளையமாக இருக்காது, தேய்த்த சுண்ணாம்பாக இருக்கும். மவுண்டின் பற்சக்கரம் உருளும்போது வரும் தள்ளாட்டத்துக்கும் இதே கதி. அடுத்தடுத்த படங்களில் விண்மீன் இடம் மாறி விழுந்தால் மென்பொருள் இழுத்துப் பொருத்திக்கொள்ளும். ஒரே படத்துக்குள் மாறினால்தான் பரிகாரம் இல்லை.

துண்டுகளின் இன்னொரு சௌகரியம், கெட்டதைத் தூக்கி எறியலாம். மகள் துணி எடுக்க நடந்த நடையில் தளம் அதிர்ந்து ஐந்து படங்களில் விண்மீன் புழுவாக நெளிந்தது, ஐந்தும் போயின. ஒரு விமானம் வலமிருந்து இடம் போனது. இரண்டு படம் நஷ்டம். செயற்கைக்கோள் கோடுகளும் அப்படியே. டிரேப்பரின் 51 நிமிடத்தில் ஐம்பதாவது நிமிடம் யாராவது மேஜையில் இடித்திருந்தால் அவர் முதலிலிருந்து தொடங்கியிருப்பார். நான் இழந்தது பதினான்கு வினாடி.

வினாடிக்குக் கீழே போனால் கோள் வேட்டைக்காரர்களின் அதிர்ஷ்டக் கணக்கும் ஓரளவு வேலை செய்யும். காற்று அடங்கிய கணங்களை மட்டும் பொறுக்கலாம். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரெய்க் மெக்கே குழுவினர். 2007-ல் பாலமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில், காற்றின் நெளிவைத் திருத்தும் கண்ணாடி அமைப்போடு சேர்த்து, வினாடிக்குச் சுமார் இருபது படம் எடுத்து, நல்லதைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். எம் 13 கோளக் கொத்தும் பூனைக்கண் நெபுலாவும், தரையிலிருந்து எடுத்தும், ஹப்பிளின் கூர்மையைத் தாண்டின. அவர்கள் கேமராவில் நிறுப்பதற்கு முன்பே எலெக்ட்ரான்களைப் பெருக்கிவிடுவார்கள்; தராசு நடுங்கினாலும் தெரியாது. ஒரு கிராமை ஒரு கிலோவாக்கி நிறுக்கிற மாதிரி. என் மாடிக்கும் பாலமருக்கும் நடுவே இருப்பது கண்ணாடியின் அகலமும் பணமும்தான், யோசனை ஒன்றே என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இத்தனை புகழ்ந்தபின் வசவையும் சொல்ல வேண்டும். சில்லு நகத்தளவு, 5 மில்லிமீட்டர் கூட அகலம் இல்லை. என் குழாயில் அது பார்க்கும் வானம் 22 கலைக்கு 17 கலை. முழுநிலவே 30 கலைக்கு மேல். ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் மூன்று பாகை நீளம், அதைப் பிடிக்க நினைப்பது சாவித் துவாரம் வழியாகத் தேர் பார்ப்பது. ஒரு பொருளைத் தேடிச் சட்டத்துக்குள் கொண்டுவருவதே பாதி இரவைத் தின்றுவிடும். அன்று அபிஜித்தில் குவியம் சரிபார்த்துவிட்டு, அங்கிருந்து வளையத்துக்கு இடம் மாற எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது; பக்கத்து விண்மீன்களுக்கிடையே வழி தவறிய ஆடு மாதிரி அலைந்தேன்.

அப்புறம் சூடு. ஒளியே விழாவிட்டாலும் சிலிக்கானின் வெப்பம் எலெக்ட்ரான்களை உதிர்க்கும். ஆறேழு பாகை செல்சியஸ் ஏறினால் அது இரட்டிப்பாகும். குளிரூட்டும் கேமராக்கள் இதைச் சில்லை உறைநிலைக்குக் கொண்டுபோய்ச் சமாளிக்கும். நம் ஊர் இரவில் காற்றே முப்பது. உள்ளே சில்லு அதற்கும் மேல். சின்னத் துண்டாக எடுத்தால் சூட்டு எலெக்ட்ரான் வராது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. ஒரு துண்டில் குறைவாக இருக்கும். மொத்த நேரத்தில் சேர்வது அதேதான். மூடியைப் போட்டு இருட்டில் ஐம்பது படம் எடுத்து, அதன் சராசரியை நிஜப் படத்திலிருந்து கழிப்பதுதான் வழி. என் கேமராவின் ஓரத்தில் அடுப்புத் தணல் மாதிரி ஒரு சிவப்புப் பூச்சு தெரியும். அதுவும் இந்தக் கழித்தலில்தான் போகும்.

முதல் மாதம் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. கோள்களுக்கு வைத்திருந்த 8 பிட் அமைப்பை மாற்ற மறந்துவிட்டேன். சில்லு 4,096 படிகளில் எண்ணுவதை அது 256 படிகளாகச் சுருக்கிவிடும். பதினாறு படிகளை ஒரு படி விழுங்கும். வியாழனுக்குப் பாதகமில்லை. நெபுலாவின் மங்கல் விளிம்பு வாழ்வதே அந்தப் பதினாறு படிகளுக்குள்தான். இரண்டு இரவு உழைப்பும் பட்டை பட்டையாக, மலிவு அச்சுப் போஸ்டர் போல வந்தது. இன்னொரு நாள் படம் முழுக்கச் சாய்வாக மழைச்சாரல். மவுண்ட் ஒரே திசையில் மெல்ல நகர்ந்ததில், கழித்த பிறகும் மீந்திருந்த பிக்சல் குறைகள் கோடிழுத்திருந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயை நாலைந்து பிக்சல் அப்படி இப்படித் தள்ளிவிட்டால் சாரல் நின்றுவிடும்.

ஆக, சாவித் துவாரத்துக்குள் அடங்குகிற, சின்னதாக, செறிவாக ஒளிர்கிற பொருள்கள் வேண்டும். அப்படித் தேடினால் பட்டியலில் முதலில் வந்து நிற்பவை கோள் நெபுலாக்கள்! பெயரில் மட்டும்தான் கோள். 1779-ல் வளைய நெபுலாவைக் குறித்து வைத்த பிரெஞ்சுக்காரர் அந்த்வான் தார்க்கியேவுக்கு, அது வியாழன் அளவில், மங்கி மறையும் ஒரு கோள் போலத் தெரிந்தது. சில ஆண்டுகளில் வில்லியம் ஹெர்ஷல் இதே சாயலில் மேலும் பல வட்டங்களைக் கண்டு, கோள் நெபுலா என்றே பெயர் வைத்துவிட்டார். 1785-ல் அவர் கண்ட ஒன்றுக்கு 'வியாழனின் ஆவி' என்றே பட்டப்பெயர். உண்மையில் அவை, சூரியனைப் போன்ற விண்மீன்கள் வயதான காலத்தில் உதறிவிட்ட மேலாடைகள். இருநூறு வருஷத்துப் பெயர்க் குழப்பம், கோள் கேமராவின் விஷயத்தில் மட்டும் வழிகாட்டிப் பலகையாக மாறிவிட்டது.

அரை மணி நேரச் சேர்ப்பில் வளையத்தின் உள்பக்கம் மயில்கழுத்துப் பச்சையாகவும் வெளிவிளிம்பு சிவப்பாகவும் வந்திருந்தது. கண்ணால் பார்த்தால் சாம்பல் புகைதான். மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் செத்துவிடும். அந்தப் பச்சை ஒரு காலத்தில் பெரிய புதிர். 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியைப் பிரித்தபோது, பூமியில் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத பச்சைக் கோடுகள் கிடைத்தன. 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமமே இருப்பதாக அறுபது வருஷம் பேசினார்கள். 1927-ல் ஐரா போவன், அது நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன்தான் என்று காட்டினார். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, பூமியில் வழக்கமாக உண்டாக்கும் வெற்றிடங்களைவிடவும் வெறுமையான இடத்தில் கிடந்தால் மட்டும் அப்படி ஒளிரும்.

படத்தைப் பெரிதாக்கியபோது வளையத்தின் நட்ட நடுவில் ஒரு புள்ளி. சூட்டில் பழுதான பிக்சலோ என்று இருட்டுப் படங்களோடு ஒப்பிட்டேன். இல்லை, எல்லாப் படங்களிலும் விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது. அந்த மேலாடையை உதறிய விண்மீனின் மிச்சம் அது. பிரகாசத் தரம் பதினைந்துக்கும் மேல்; வெறும் கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மங்கல். ஹங்கேரியில் தன் சொந்த வானாய்வகத்தில் யெனோ கோதார்டு 1886-ல் ஒரு தகட்டில் இதைப் பிடித்தார். பெரிய தொலைநோக்கிகளில் கண் வைத்துப் பார்ப்பவர்களுக்கே எளிதில் சிக்காத புள்ளி. ஒவ்வொரு இரண்டு வினாடிப் படத்திலும் அதற்கான எலெக்ட்ரான்கள் சில பத்துகள்தான், அதுவும் பத்துப் பன்னிரண்டு பிக்சல்களில் சிதறி. 900 தடவை நிறுத்ததில் அது தலையெடுத்திருக்கிறது.

நாலு மணிக்கு வியாழன் கிழக்கே தென்னை உச்சியைத் தாண்டியிருந்தது. அதே கேமராவைக் கழற்றி, குவியத் தூரத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையைச் செருகிப் பொருத்தினேன். எக்ஸ்போஷரை இரண்டு வினாடியிலிருந்து பத்து மில்லி வினாடிக்கு இறக்கியதும் திரை உயிர் பெற்றது. பட்டைகள் நெளிய, நிலாக்கள் துடிக்க, வினாடிக்கு நூறு படமாகக் கொட்டத் தொடங்கியது. ஒரு பிக்சலுக்கு வளைய நெபுலா அரை மணி நேரத்தில் கொடுத்த ஒளியை வியாழன் கொடுத்து முடிக்க ஐந்தில் ஒரு வினாடி கூட ஆகவில்லை. நான் பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றுவதற்குள் நாலாயிரம் படம் சேர்ந்திருந்தது.